பாதி விழுந்த தலைவரின் நிழல்

கிட்ட வந்து உட்காருங்கள். அந்த நார் மூட்டை மேலேயே உட்காரலாம், ஊறவைத்து அடித்த தேங்காய் நார்தான், குத்தாது. தள்ளி உட்கார்ந்தால் ராட்டைச் சத்தத்தில் பாதிக் கதை காற்றோடு போய்விடும். அப்படிப் பாதி கேட்டுவிட்டுப் போனவர்கள்தான் எங்கள் தலைவர் விழுந்தே போனார் என்று சந்தைக்குச் சந்தை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர் விழவில்லை. நிற்கவும் இல்லை.

புன்னைக்காட்டில் எங்கள் கயிற்றுச் சங்கத்துக்குச் சொத்து என்று இருந்தது ஒரு நீளமான வெயில். நாலு பக்கமும் சுவர், ஒரு கோடியில் ராட்டை, மறு கோடியில் கேட்டு, நடுவில் ஒரு மரம் கிடையாது, ஒரு கொட்டகை கிடையாது, காலையில் வந்து விழுகிற வெயில் சாயங்காலம்தான் எழுந்து போகும். நான் உட்கார்ந்து ராட்டை சுற்றுகிறவள். மற்றப் பெண்கள் இடுப்பு மடியில் நாரைச் செருகிக்கொண்டு, ஒரு பிரியை ராட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்து போவார்கள், போகப் போக அவர்கள் கையிலிருந்து கயிறு பிறந்துகொண்டே வரும், முதுகு கேட்டில் முட்டினால் ஒரு கயிறு முடிந்தது என்று அர்த்தம். ஆயுசு பூராவும் இப்படி நடந்து பழகிய எங்கள் பெண்கள் வீட்டிலும் அடுப்படியிலிருந்து கூடத்துக்குப் பின்னாலேயே நடந்து வருவார்கள், ஒரு செம்பைத் தட்டிவிட மாட்டார்கள்.

தலைவர் தெட்சிணாமூர்த்தி முற்றத்தின் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், எழுத்தர் உலகநாதன் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன், பொங்கலுக்கு எல்லாருக்கும் கரும்பு கொடுப்பார், ஆனால் அவர் வாயில் எங்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு சொல்: "பின்னால! பின்னால!" கயிறு தொய்ந்தாலும் அதுதான், யாராவது கிட்ட வந்து ஏதாவது கேட்க வாயைத் திறந்தாலும் அதுதான். கேட்டுக் கேட்டு ராட்டையின் கிறீச்சுப்போல அது எங்கள் காதில் விழுவதே நின்றுபோனது. காதில் விழாது, காலில் விழும், கால் தானாகப் போகும்.

எங்களில் தைலம்மை என்றொருத்தி. நாரைத் தொட்டுப் பார்த்தே எந்தத் தோப்பு மட்டை என்று சொல்லுவாள், வாயும் அதற்கேற்ற வாய். ஒரு சித்திரை மாதத்தில் அவள் நேரே நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, "தலைவரே, உங்க தலைக்கு மேல ஒரு குடை இருக்கு. எங்க தலைக்கு மேல நாலு கீத்துப் போட்டா என்ன?" என்று கேட்டாள்.

"பின்னால!" என்றார் தலைவர்.

அவள் கால் அரை அடி போனது, பிறகு நின்றது. "கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றாள்.

அவ்வளவுதான். நாளையிலிருந்து கேட்டுக்குள்ளே கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். கயிற்றை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்புக் கிடையாது, வேறு வேலைக்குக் கை பணியாது. எங்கே போவாள்? மறுநாளும் வந்தாள், கேட்டுக்கு வெளியே சுவரோரமாக உட்கார்ந்துகொண்டு, யாரும் கேட்காத நாரைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்தில்தான் பட்டணத்திலிருந்து மிருதுளா என்கிற பெண் வந்தது. சின்ன வயசு, கால் செருப்பைக் கேட்டிலேயே கழற்றிவிட்டுச் சுடுமணலில் வெறுங்காலோடு நடந்து வந்ததிலேயே எங்களுக்குப் பிடித்துப்போனது. சங்கத்தில் எல்லாரும் எப்படி ஒருத்தரோடு ஒருத்தர் இருக்கிறோம் என்பதைப் பேசாமல், உடம்பை அசைத்தே கண்டுபிடிக்கிற பயிலரங்கமாம். மேலிடத்து ஏற்பாடு, தலைவரால் தட்ட முடியவில்லை.

"வாய் ஒண்ணு சொல்லும் அக்கா, உடம்பு வேற சொல்லும். உடம்பு சொல்றதைத்தான் நாம கேக்கப் போறோம்" என்றது மிருதுளா. "இதுல சரி, தப்புன்னு எதுவும் கிடையாது. முதல்ல உங்க இஷ்டத்துக்கு நடங்க."

தைலம்மை போக மிச்சமிருந்த ஐந்து பெண்களும் பின்னாலேயே நடந்தார்கள். ஒருத்தி மேல் ஒருத்தி முட்டாமல், திரும்பிப் பார்க்காமல், முற்றம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து அந்தப் பெண் கண்கலங்கிப் போய், "இப்ப உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டது.

"பசிக்குது டீச்சர்" என்றாள் சிவபாக்கியம்.

பிறகு, இந்தச் சங்கத்தில் உங்கள் இடம் எதுவென்று நினைக்கிறீர்களோ அங்கே போய் நில்லுங்கள் என்றது. பெண்கள் ஐந்து பேரும் வெயிலில் போய்ச் சுவரை ஒட்டி நின்றார்கள். தலைவர் நடுவில் நின்றார். உலகநாதன் குடையோடு தலைவருக்குப் பின்னால் நின்றார். கேட்டுக்கு வெளியே தைலம்மை எழுந்து நின்றுகொண்டு கம்பி வழியாகக் கையை ஆட்டினாள். மிருதுளா எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கேட்டு வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தது.

கடைசியாக வைத்ததுதான் நம்பி விழுகிற விளையாட்டு. ஒருத்தர் கண்ணை மூடி மரம்போலப் பின்பக்கமாகச் சாய வேண்டும், மற்றவர்கள் பின்னால் நின்று தாங்கிப் பிடிக்க வேண்டும். தலைவர் ராட்டையைப் பார்த்து நின்றார், அவர் முதுகுக்குப் பின்னால், கேட்டுப் பக்கமாக, ஐந்து பேரும் கையை ஏந்திக்கொண்டு நின்றார்கள். அவர் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார்.

"நம்புங்க சார்" என்றது மிருதுளா.

சாய்ந்தார். நான் எதிரே ராட்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்: சாய்ந்தவர் பாதி வழியில் வாயைத் திறந்து ஏதோ சத்தம் போட்டார், ஐந்து பெண்களும் கயிறு திரிக்கப் போகிறவர்கள்போல விறுவிறுவென்று பின்னால் நடந்து கேட்டில் போய் முட்டிக்கொண்டார்கள், தலைவர் விழாமல் அப்படியே நின்றுவிட்டார். குதிகால் மண்ணில், முகம் வானத்தில், நடுவில் ஒரு முளை இல்லை, முட்டு இல்லை, புயலில் சாய்ந்தும் வேர் பெயராத தென்னைபோல.

"ஐயா விழலியா?" என்று கேட்டார் உலகநாதன்.

"விழுந்தா சொல்ல மாட்டேனா?" என்றார் தலைவர்.

சாயங்காலம் வரைக்கும் பார்த்தோம். இளவட்டங்கள் வந்து தோளைக் கொடுத்து நிமிர்த்தினார்கள், நிமிரவில்லை. மூங்கில் வைத்து நெம்பினார்கள், மூங்கில் பிளந்தது. எங்கள் கயிற்றையே மாட்டி ஊரே இழுத்தது, கயிறு அறுந்தது, அதற்குத் தலைவர் சாய்ந்தவாக்கில் எங்களைத்தான் ஏசினார். செங்கல் சூளையிலிருந்து ஜேசிபி கொண்டுவந்தார்கள், அது தலைவரைத் தூக்கப் போய்த் தன் முன்சக்கரத்தைத் தானே தூக்கிக்கொண்டது. சரி, அவருக்கு வலியில்லை, சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, அப்புறம் என்ன என்று எல்லாரும் வீட்டுக்குப் போனோம்.

மறுநாளிலிருந்து அவரைச் சுற்றியே வேலை நடந்தது. உலகநாதன் வானத்துக்கும் முகத்துக்கும் நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டார். நாவிதர் வந்து சாய்வு நாற்காலியைவிட இதுதான் தோது என்று சொல்லிச் சவரம் பண்ணிவிட்டுப் போனார். டீக்கடையிலிருந்து டீ வந்தது, அதைச் சாய்த்து ஊற்றுவதற்கென்று ஒரு மூக்குக் கெண்டி வந்தது. பேச வருகிறவர்களுக்குத்தான் சங்கடம்: சாய்ந்திருக்கிற மனுஷரிடம் நேராக நின்று பேசினால் மரியாதையாகவா இருக்கும்? அதனால் பக்கத்தில் நின்று தாங்களும் கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்துகொண்டு பேசினார்கள். சங்கங்களைப் பார்க்கிற அதிகாரி வந்தார், அவரும் சாய்ந்து பேசினார், இடுப்புப் பிடித்துக்கொண்டு போனார். நாளாக ஆக ஊரில் அதுவே மரியாதை என்று ஆகிவிட்டது, மாமனாரைப் பார்த்தால் மருமகன் சாய்ந்தான், வாத்தியாரைப் பார்த்தால் பிள்ளைகள் சாய்ந்தன, பேருந்துக் கண்டக்டர் எங்கள் ஊர் நிறுத்தத்தில் மட்டும் எல்லாரும் ஏன் இப்படி வானத்தைப் பார்க்கிறார்கள் என்று தானும் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார்.

தலைவருக்கு ஆகாதவர்கள் கூட்டம் போட்டார்கள். தலைவர் விழுந்துவிட்டார், வேறு ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். எங்கே விழுந்தார், மண்ணில் முதுகு பட்டதா என்றார்கள் தலைவர் பக்கத்து ஆட்கள். அப்படியானால் நிற்கிறாரா என்றார்கள் இவர்கள். நிற்கிறார் என்று யார் சொன்னது என்றார்கள் அவர்கள். வெயில் ஏறியதும் இரண்டு கூட்டமும் கலைந்து போனது. தலைவருக்கோ இதில் ஒரு சந்தோஷம், இனிமேல் தன்னை யாராலும் இறக்க முடியாது என்று.

எங்கள் பெண்களுக்கு வேறொரு சந்தோஷம். தலைவர் நல்ல வாட்டசாட்டமான ஆள். அவர் முதுகுக்குக் கீழே, முற்றத்தின் நட்டநடுவில், ஒரு பாய் அளவுக்கு நிழல் விழுந்தது. அங்கே தண்ணீர்ப் பானையைக் கொண்டுபோய் வைத்தோம். ஒரு கயிறு முடிந்தவள் போய் அந்த நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, எழுந்து அடுத்தவளுக்கு இடம் விடுவாள்.

மிருதுளா ஊருக்குப் போகவில்லை. ஆரம்பித்த அசைவு முடியாமல் போனால் பாவம் என்றது. தினமும் வந்து, ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தி, மூச்சை இழுத்து விடச் சொல்லி, மனசார அவரைத் தாங்கப் போங்கள் என்றது. போவார்கள், கிட்டப் போனதும் திரும்பப் பின்னால் வந்துவிடுவார்கள்.

"உங்களுக்கு அவரைப் பிடிக்க மனசில்ல அக்கா. உடம்பு பொய் சொல்லாது" என்றது அந்தப் பெண்.

சிவபாக்கியம் அதை ஓரமாக இழுத்துப்போய்ச் சொன்னாள். "உங்கிட்ட மறைப்பானேன் டீச்சர், அவரு எந்திரிச்சுட்டா நிழலு போயிருமுல்ல."

அப்படியே போயிருக்கும் காலம். ஆனால் தலைவருக்கு ஒரே மகள், சுகந்தி, ஆவணியில் கல்யாணம். அப்பாவால் மண்டபத்துக்கு வர முடியாது என்று ஆனபோது கல்யாணத்தையே முற்றத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று பேசி, பந்தல்காரர்கள் வந்து, ராட்டையிலிருந்து கேட்டு வரைக்கும் கால் நட்டுப் பச்சைக் கீற்று வேய்ந்தார்கள். தலைவர் எங்கள் தலைக்கு மேல் போடாத கீற்று அவர் வயிற்றுக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்ததை அவர் மல்லாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாம் சரி, மாப்பிள்ளை வீட்டார் ஒரு விஷயத்தில் நின்றுவிட்டார்கள். பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்கிற தகப்பன் ஒன்று நிற்க வேண்டும், இல்லை உட்கார வேண்டும், இரண்டும் இல்லாத ஆளிடம் நாங்கள் பெண் வாங்க மாட்டோம், முகூர்த்தத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார்கள்.

கல்யாணத்தன்று காலையில், பட்டுப் புடவையும் பூவுமாக, சுகந்தி பெண்களிடம் ஓடி வந்தது. சின்னதில் எங்கள் நார்க் குவியலில் விழுந்து புரண்டு வளர்ந்த பெண்.

"அக்கா, எங்கப்பா உங்களுக்கு நல்லது செய்யல. எனக்குத் தெரியும். எனக்காகப் பிடிங்கக்கா."

நிழலாவது மண்ணாவது என்று ஐந்து பேரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் முதுகைப் பார்த்து, கையை ஏந்திக்கொண்டு, ஓடினார்கள் என்றே சொல்ல வேண்டும். சத்தியமாக மனசாரப் போனார்கள். கைக்கெட்டுகிற தூரத்தில் கால் திரும்பிக்கொண்டது, விறுவிறுவென்று கேட்டுக்கு வந்து முட்டினார்கள். மறுபடியும் போனார்கள். மறுபடியும் முட்டினார்கள். அவர்களில் நாவம்மாள் தன் காலைத் தானே அடித்துக்கொண்டு அழுதாள். மேளக்காரர் வாசிப்பதா வேண்டாமா என்று தவிலில் ஒரு விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் தடவை முட்டியபோது, கேட்டுக்கு வெளியிலிருந்து தைலம்மை, "ஏடி நாவு" என்றாள். "உன்னைய யாருடி திரும்பிப் போகச் சொன்னது?"

"யாரும் சொல்லலியே. காலு தானா வருது."

"தானாவா வருது? அவரு சொல்றாருடி. நீங்க கிட்டப் போகப் போக, பின்னால பின்னாலன்னு அந்த மனுசன் கத்துறாரு. ஒருத்தி காதுலயும் விழலியா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யார் காதிலும் விழவில்லை. சொன்ன தலைவருக்கே விழவில்லை. "நானா? நான் வாயே தொறக்கலியே" என்றார். இத்தனை நாள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து, அந்தச் சத்தம் காதைவிட்டு இறங்கிப்போனவள் அவள் ஒருத்திதான், அதனால் அவளுக்கு மட்டும் அது புதுசாகக் கேட்டது. தினமும் வந்துபோன மிருதுளாவுக்கும் ஊருக்கும்கூட இத்தனை மாதத்தில் அது பழகிப்போயிருந்தது.

"சார், அப்ப நீங்க வாய மூடிக்கணும்" என்றது மிருதுளா.

தலைவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ஐந்து பேரும் போனார்கள். முதுகுக்குக் கிட்ட ஆள் வருகிறது என்று தெரிந்ததும், பொத்திய கைக்குள்ளிருந்தே, "ம்ன்னால! ம்ன்னால!" என்று வந்தது. கால்கள் அதையும் புரிந்துகொண்டன.

"'வா'ன்னு சொல்லிப் பாருங்கப்பா" என்றது சுகந்தி.

தலைவர் மூச்சை இழுத்தார். உதட்டைக் குவித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, நெற்றி நரம்பு புடைத்தது. "பின்னால" என்றார். மறுபடியும் முயன்றார். "பின்னால." இத்தனை பேர் பார்க்க, மகள் பார்க்க, ஒரே ஒரு எழுத்துச் சொல் அந்த மனுஷர் வாயில் ஊறவில்லை. அப்போதுதான் எனக்கே அவர் மேல் இரக்கம் வந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து துண்டை உதறினார்.

தைலம்மை கம்பி வழியாகக் கையை விட்டுக் கேட்டின் கொண்டியை விலக்கினாள்.

"ஏய், கேட்டுக்குள்ள கால வைக்காதேன்னு சொல்லியிருக்கேன்ல" என்றார் தலைவர் வானத்தைப் பார்த்தபடியே. "பின்னால!"

"சரிங்க தலைவரே" என்றாள் தைலம்மை. அப்படியே தெருவைப் பார்த்துத் திரும்பினாள், முற்றத்துக்கு முதுகைக் கொடுத்தாள், அவர் சொன்ன சொல்லுக்கு ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். கேட்டுக்குள் வந்துவிட்டாள்.

"பின்னால, பின்னால!"

"வர்றேன், வர்றேன்."

அவர் பதறப் பதறச் சொன்னார், அவர் சொல்லச் சொல்ல அவள் வந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை, கோலத்தை மிதிக்கவில்லை, குத்துவிளக்கைத் தட்டவில்லை. பார்த்துக்கொண்டிருந்த சிவபாக்கியம் திரும்பி நின்றாள். நாவம்மாள் மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பி நின்றாள். ஐந்து பேரும் தலைவருக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். மிருதுளாவும் ஓடிவந்து ஓரத்தில் திரும்பி நின்றது. "பின்னால! பின்னால! பின்னால!" என்று தலைவர் அலற, அந்தப் பழகின கால்கள் எல்லாம் பழகின மாதிரியே பின்னால் நடந்து, நடந்து, கடைசியில் தைலம்மையின் முதுகு தலைவரின் முதுகில் முதலாவதாகப் பட்டது, பிறகு வரிசையாக எல்லார் முதுகும் பட்டது.

அவர் வாய் நின்றது. அவர் உடம்பு தொம்மென்று எங்கள் பெண்கள் மேல் இறங்கியதை ராட்டையிலிருந்து நான் பார்த்தேன், சித்திரையில் ஆரம்பித்த விழுதல் ஆவணியில் முடிந்ததை ஊர் முழுக்கப் பார்த்தது. தவில்காரர் என்ன நினைத்தாரோ, கெட்டிமேளத்தை அடித்துவிட்டார்.

"தலைவரே, இப்ப உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டாள் தைலம்மை, அந்தப் பட்டணத்துப் பெண்ணின் குரலிலேயே.

"முதுகு..." என்றார் அவர். "சூடா இருக்கு. உன்னைய யாரு உள்ள வரச் சொன்னது?"

"நீங்கதான். ஊரே கேட்டுச்சு."

இன்னும் இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார்கள், தலைவர் நேராக நிமிர்ந்து நின்றார். கொஞ்சம் தள்ளாடினார், அவ்வளவுதான். சுகந்தியின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தபோது நின்றபடிதான் வைத்தார், தாய்மாமன் கிட்ட வந்து காலைக் குனிந்து பார்த்துவிட்டுச் சரியென்றார். வடை பாயசத்தோடு சாப்பாடு. கீற்றுப் பந்தலின் கீழே, அந்த முற்றத்தில் முதல் தடவையாக நண்பகலில், நாங்கள் கண்ணைச் சுருக்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மிருதுளாவும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, பேருந்து ஏறிப் போனது.

மறுநாள் காலையில் பந்தல்காரர்கள் ஏணியோடு வந்துவிட்டார்கள். தலைவர் பழையபடி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், உலகநாதன் பந்தலுக்குக் கீழேயும் குடை பிடித்துக்கொண்டு நின்றார். தலைவர் எங்களை ஒரு பார்வை பார்த்தார், மேலே கீற்றைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிப்பா, பிரிங்க" என்றார். சொல்லிவிட்டு எந்தப் பக்கமிருந்து பிரிப்பது என்று காட்ட எழுந்து ராட்டைப் பக்கமாக நடந்தார், பந்தல்காரர்களும் ஏணியோடு அவர் பின்னால் வந்தார்கள்.

தைலம்மை அப்போதுதான் மடியில் நாரைச் செருகிக்கொண்டு என் ராட்டைக் கொக்கியில் பிரியை மாட்டிக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் திருப்பவில்லை. சுற்று என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள், நான் சுற்றினேன். அவள் பின்னால் நடக்கத் தொடங்கினாள், நடந்துகொண்டே, தலைவர் குரல் எதுவோ அந்தக் குரலில், தொண்டைக் கரகரப்பும் மாறாமல், "பின்னால!" என்றாள்.

தலைவர் கால் ஒரு எட்டுப் பின்னால் போனது. எங்களைவிட அவருக்குத்தான் ஆச்சரியம், காலைக் குனிந்து பார்த்தார். இத்தனை மாதம் எங்கள் கயிற்று வழியில் காலை ஊன்றி நின்றதில் அவர் காலும் பழகிப்போயிருந்தது. "பின்னால, பின்னால" என்று சொல்லிக்கொண்டே அவள் முதுகு வர வர, தலைவர் பின்னால் போனார், தலைவர் போனதால் குடை போனது, குடை போனதால் ஏணியும் பந்தல்காரர்களும் போனார்கள், கயிறு நிழலுக்குள் நீண்டுகொண்டே வந்தது. எல்லாரும் தெருவில் போய் இறங்கிய பிறகு தைலம்மையின் முதுகு கேட்டில் முட்டியது, கேட்டு சாத்திக்கொண்டது. ஒரு கையில் கயிறு தொய்யாமல் பிடித்துக்கொண்டு, மறு கையைப் பின்னால் விட்டுத் துழாவி, திரும்பிப் பார்க்காமலே, கொண்டியைப் போட்டாள்.